பன்னிரண்டாவது முள்ளெலும்புக்குக் கீழே

ரம்பத்தை ரெஜின் மூன்றாம் தடவை இழுத்தபோது ஈரமான எலும்புத் தூள் தெறித்து ஆவுடைச்செல்வியின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையாலும் பிணத்தின் இடுப்பை மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். நான்காம் மேஜையில் எப்போதும் இப்படித்தான். ஒருவர் புத்தகத்தைப் படிப்பார், ஒருவர் அறுப்பார், ஒருவர் பிடித்துக்கொள்வார். ஃபஹீமாவுக்கு உச்சரிப்பு சுத்தமாக வரும் என்பதால் படிப்பது அவள். அறுப்பது ரெஜின், மார்த்தாண்டத்துக்காரன், வீட்டில் ரப்பர் மரம் வெட்டிப் பழகிய கை. பிடிக்கும் வேலைக்கு யாரும் சொல்லாமலே செல்வி வந்து நின்றுவிடுவாள். பிடிப்பவள் பேச வேண்டியதில்லை, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, குனிந்த தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. தோலையும் தசையையும் போன வாரமே நீக்கியாயிற்று. இன்றைக்கு முதுகெலும்பைப் பின்பக்கமாகத் திறந்து உள்ளே ஓடுகிற தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்னால் இரண்டு தகடுகள் சாய்ந்து வந்து நடுவில் சேர்கின்றன, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. அதன் பெயர் லாமினா. அதை இரண்டு பக்கமும் அறுத்து, அறுபடாத இடத்தை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி, வரிசையாக ஒரே பட்டையாகத் தூக்கிவிட வேண்டும். ஃபஹீமா படித்தாள்: கீழ் மார்பிலிருந்து நடு இடுப்பு வரை. செல்வி மனதுக்குள் அதை மொழிபெயர்த்துக்கொண்டாள்: அப்பா உடைந்த இடம் வரை, அதற்கும் கீழே வரை.

இன்று திங்கள். வியாழக்கிழமை அவள் கோர்ட்டில் நிற்க வேண்டும். சம்மன் அவளுடைய ரெக்கார்டு நோட்டுக்குள், இருதயத்தின் படத்துக்கும் நுரையீரலின் படத்துக்கும் நடுவில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றேமுக்கால் வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா வேலுச்சாமியை அவருடைய கூடப்பிறந்த தம்பி குருவையா கடப்பாரையால் அடித்தார். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். வக்கீல் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். "பாப்பா, ரெண்டே ரெண்டு விஷயம். அடி விழுந்ததுலேருந்து அப்பாவுக்குக் கால் அசையல. அடிச்சிட்டு அந்தாளு அருவா எடுக்க வீட்டுக்குள்ள ஓடுனான். இந்த ரெண்டும் நின்னா கொலை முயற்சி நிக்கும். மத்தது எதைக் கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிரு." போலீஸிலும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதாவது அம்மா சொன்னாள், இவள் தலையாட்டினாள், ஏட்டு எழுதிக்கொண்டார். தலையாட்டியதும் சொன்னதுதானே. அதை நினைத்தபோது அவள் கை வழுக்கிற்று. ரெஜின் ரம்பத்தை நிறுத்தி, "மக்கா, பிடிச்சா பிடி, இல்லேன்னா இந்த ஆள் எந்திரிச்சுப் போயிருவாரு" என்றான். ஃபஹீமா புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். செல்வி மறுபடி அழுத்திப் பிடித்தாள். பிணத்தின் தோல், மிச்சமிருந்த இடங்களில், தண்ணீரில் ஊறிய செருப்புத் தோல் மாதிரி இருந்தது.

எண்ணுவது அவளுக்குப் பிடிக்கும். மற்றவர்கள் மேலிருந்து எண்ணுவார்கள், கழுத்து ஏழு, மார்பு பன்னிரண்டு, இடுப்பு ஐந்து, அப்புறம் ஒட்டிப்போன ஐந்து, வால் நான்கு. அவள் கீழிருந்து எண்ணுவாள். இரண்டு இடுப்பெலும்பின் உச்சியிலும் கையை வைத்து நடுவில் கோடு போட்டால் கட்டைவிரல் போய் நிற்பது நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. அங்கிருந்து விரல் ஏறும். மூன்று. இரண்டு. ஒன்று. ஒன்றுக்கு மேலே மார்பின் பன்னிரண்டு. லீவுக்கு வீட்டுக்குப் போனால் அப்பாவைப் புரட்டித் துடைப்பது அவள் வேலை. விரல் ஏறும்போது இரண்டாவது வரைக்கும் மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று ஒழுங்காக வரும், அதற்கு மேல் ஒரு நீளமான தழும்பு, அதன் கீழே கம்பியும் ஸ்குரூவும். டிஸ்சார்ஜ் தாளில் இருந்த 'டி பன்னிரண்டு, எல் ஒன்று' என்ற எழுத்தை அர்த்தம் தெரியாமலே அவள் ஒரு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தாள். தெரிந்துகொள்ளத்தான் படிக்க வந்தோமோ என்று இப்போது தோன்றும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றும். போன மாதம் புரட்டும்போது கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிட்டாள். அப்பா படுத்த வாக்கிலேயே கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார். கால் போனவருக்குக் கையில் அவ்வளவு பலம் வந்திருந்தது. அம்மா மேல் டம்ளரை எறிவார், எச்சில் துப்பும் கிண்ணத்தை எறிவார். அம்மா நெற்றியில் இரண்டு தையல். இவ்வளவு கோபமும் முன்னால் எங்கே இருந்தது. மினி பஸ் ஓட்டும்போது ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூட ஹாரன் அடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

ரெஜின் இடது பக்கம் அறுத்து முடித்து வலது பக்கத்துக்கு வந்தான். கை ஓய்ந்துவிட்டது. "உளியை நீ போடு," என்று சுத்தியலை நீட்டினான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஏய், நாலு மாசமா பிடிச்சே நிக்கிற. வைவாவுல வந்து, நான் பிடிச்சேன் சார்னு சொல்லுவியா?" சுத்தியல் அவள் கைக்கு வந்தபோது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உளியின் முனையை லாமினாவின் அறுத்த கோட்டில் வைத்தாள். ஃபஹீமா படித்தாள்: உளியைச் சாய்த்துப் பிடிக்கவும், செங்குத்தாக வேண்டாம், உள்ளே தண்டுவடம் இருக்கிறது, மெதுவாகத் தட்டவும். முதல் தட்டு தட்டினாள். மேஜை முழுக்க அதிர்ந்தது. பிணத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து மீண்டும் நின்றது. இரண்டாவது தட்டு. எலும்புக்குள் உளி போகிற உணர்வு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து பல்லுக்கு வந்தது. இவ்வளவு தட்டினாலும் விரியாத எலும்பை ஒரே அடியில் உடைக்க எவ்வளவு வேண்டும். எவ்வளவு வெறுப்பு, எவ்வளவு இரும்பு. சித்தப்பாவின் தோள் அவளுக்குத் தெரியும். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளில் ஏறி வேலை பார்த்தவர், எண்பது மீட்டர் ஏணியை மூச்சு வாங்காமல் ஏறுவார். அந்தத் தோள் பின்னால் போய், கடப்பாரை மேலே போய், வெயிலில் ஒரு கணம் நின்று. அதற்கு அப்புறம் வந்த சத்தத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஈரத் துணி மூட்டையைக் கல்லில் அடித்த மாதிரி ஒன்று, அதற்குள்ளேயே சின்னதாக, முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி இன்னொன்று.

எதற்காக என்று கேட்டால் சிரிப்பு வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் சித்தப்பா புதிதாகப் போட்ட பைப். கழிவுத் தண்ணீர் இவர்கள் வாசலில் தேங்கிற்று. நாலு நாளாகச் சண்டை. அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், அப்பா பைப்பைப் பிடுங்கப் போனார். "பிடுங்கிப் பாருலே" என்றார் சித்தப்பா. "பிடுங்குனா என்ன செய்வே, உங்கப்பனா போட்டான்" என்றார் அப்பா, இருவருக்கும் அப்பன் ஒருவர்தான் என்பது இருவருக்குமே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அப்பா குனிந்தார். குனிந்த முதுகில் சட்டை ஏறி, முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் வாசற்படியில் கையில் பாதி சாப்பிட்ட தோசையோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்க்கக்கூட முடியும் போல, அப்படித் தெரிந்தது. குனிந்து வளையும்போது லாமினாக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். கூரையில் ஓடு விலகுகிற மாதிரி. அடிப்பவனுக்கு அதைவிட நல்ல முதுகு கிடைக்காது. மூன்றாவது தட்டு. நாலாவது. "பைய, பைய," என்றான் ரெஜின். "செத்தவரு திரும்பவும் சாவாரு போல." உளியின் கீழே இருந்த முதுகு அவளுக்கு அப்பாவின் முதுகாக இருக்கவில்லை. சித்தப்பாவின் முதுகாக இருந்தது. எத்தனையோ தடவை அவள் அந்த முதுகை உடைத்திருக்கிறாள். ஹாஸ்டல் படியில் இறங்கும்போது, ஒவ்வொரு படிக்கும் ஒரு எலும்பு. இருபத்துநாலு படி. கழுத்திலிருந்து தொடங்கினால் கடைசிப் படியில் இடுப்பின் ஐந்தாவது. பிறகு அவர் தரையில் கிடந்து, என்னத்தா செல்வி, என்னை விட்டுருத்தா என்று கேட்பார். அவள் விடமாட்டாள். யாரோடும் முகம் பார்த்துப் பேசாத பெண்ணுக்குள் இப்படி ஒன்று சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறது என்று ஃபஹீமாவுக்குத் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாளா.

ஐந்தாவது தட்டு, ஆறாவது. ஒரு பக்கம் பெயர்ந்தது. லாமினாக்களுக்கு நடுவே மஞ்சளாக, ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு தசைநார் தெரிந்தது. எலும்புகளை இவ்வளவு நாளும் விடாமல் பிடித்து வைத்திருந்தது அதுதான். இப்போது பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வந்திருந்தாள். இங்கேதான். அவள் நிறுத்தினாள். விழுந்த அப்பாவிடம் அவள் ஓடிப் போய் உட்கார்ந்ததும் இங்கேதான், இந்த இடத்துக்குப் பக்கத்தில், சட்டையில் மண்ணும் துருவும் பட்டு நீளமாக ஒரு கோடு. அப்பா குப்புறக் கிடந்தார். வாயில் மண். "ஒண்ணுமில்லட்டி" என்றார். அப்புறம். இதைத்தான் அவள் நினைக்காமல் ஒன்றேமுக்கால் வருஷம் ஓட்டியிருந்தாள், பக்கத்தில் வந்தவுடன் வேறு எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவாள், விட்டத்தில் பல்லி, நோட்டில் பக்கம், பஸ்ஸில் தலைகள். அப்புறம் அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரம் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வலது காலை முழங்காலில் மடக்கி, பெருவிரலால் இடது கெண்டைக்காலில் இருந்த சாரத்தைக் கீழே தள்ளினார். வெட்கத்தால். பெண் பிள்ளை முன்னால் தொடை தெரிகிறதே என்று. கால் மடங்கிற்று. விரல் பிடித்தது. தள்ளிற்று. அவள் அதைப் பார்த்தாள். தெருவில் ஆள் சேர்வதற்கு முன்னால், அம்மா குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடி வருவதற்கு முன்னால், அவள் மட்டும் பார்த்தாள்.

"என்ன நின்னுட்ட," என்றாள் ஃபஹீமா. டியூட்டர் மேடம் பக்கத்து மேஜையிலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இவர்களைவிடப் பத்து வயதுகூட அதிகமிருக்காது, ஆனால் கையுறையை மாட்டும் விதத்தில் ஒரு கண்டிப்பு. "இன்னும் பட்டையத் தூக்கலியா நாலாம் டேபிள்? அங்க எல்லாரும் டியூரா உறைக்கு வந்துட்டாங்க." செல்விக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, குரல் மட்டும் வந்துவிட்டது. "மேடம், இந்த இடத்துல எலும்பு உடைஞ்சும் உள்ள தண்டுவடம் நல்லா இருக்க முடியுமா?" ரெஜின் அவளைத் திரும்பிப் பார்த்தான். நாலு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. மேடம் யோசிக்கவே இல்லை. "ஏன் முடியாது. எலும்பு உடைஞ்சு, ஆனா நகராம நிக்கும். காலை அசைக்கச் சொல்லிப் பாக்கணும். அசைச்சா, அதுக்கப்புறம் அந்த ஆளை எப்படித் தூக்குறோம்கறதுலதான் எல்லாம் இருக்கு. வாரிச் சுருட்டித் தூக்கி வண்டியில உக்கார வச்சா உடைஞ்ச முனை உள்ள போய் நறுக்கிடும். நம்ம ஜனங்க அதைத்தான் செய்வாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சில பேருக்கு ஒண்ணும் செய்யாமலே உள்ள வீங்கி அன்னைக்கே போகவும் செய்யும். எதனால போச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. கேள்வி நல்ல கேள்வி. தட்டு," என்றார். போய்விட்டார்.

யாராலும் சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்குள் அவள் ஏறி உட்கார்ந்துகொள்ள முடியுமா. உட்காரப் பார்த்தாள். ஆனால் அவளுக்குத் தெரியும், யாராலும் என்பதில் அவள் சேர்த்தி இல்லை. அன்றைக்குத் தெருவில் சுடலையின் ஆட்டோ வந்து நின்றது. அவள் அக்குளைப் பிடித்தாள், சுடலை காலைப் பிடித்தான். ஏன் அவ்வளவு அவசரம். ஏனென்றால் சித்தப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். உள்ளே தடதடவென்று எதையோ இடிக்கிற சத்தம். "அருவா எடுக்கப் போறாம்ட்டி, தூக்கு தூக்கு" என்று அம்மா அலறினாள். தெருவே அப்படித்தான் நினைத்தது. அண்ணனை அடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறவன் வேறு எதற்கு ஓடுவான், அந்தத் தெருவில் யாரும் வேறு எதற்கும் ஓடிப் பார்த்ததில்லை. ஆட்டோவின் பின் சீட்டில் ஆளைப் படுக்க வைக்க முடியாது. அப்பாவை உட்கார வைத்தார்கள். பாதிதான் உள்ளே போயிற்று. அவள் பின்னாலிருந்து, ஏழாவது தட்டு, அவள் பின்னாலிருந்து வலது முழங்காலைத் தூக்கி அவருடைய இடுப்புக்கு மேலே, பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில், எட்டாவது தட்டு, வைத்து முழு பலத்தையும் கொடுத்து நெட்டித் தள்ளினாள். அப்பாவின் வாயிலிருந்து அதுவரை வராத ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் அவர் கால்கள் சீட்டில் ஏறவில்லை, சுடலை எடுத்து உள்ளே வைத்தான், இரண்டு வெள்ளரிக்காயை வைக்கிற மாதிரி. ஆட்டோ நகர்ந்தபோது அவள் பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சித்தப்பா தெருவுக்கு வந்திருந்தார். கையில் அரிவாள் இல்லை. தலைக்கு மேல் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அடுப்படிக் கதவு, பச்சைப் பெயிண்ட், கீல் பிய்ந்து ஒரு பக்கம் தொங்கியது. "மடக்காதீங்கடே, மடக்காதீங்க" என்று கத்திக்கொண்டு கதவோடு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தார், அழுதுகொண்டே, கொஞ்ச தூரம்.

காற்றாலையில் விழுந்த ஒருவனை எப்படித் தூக்கினோம் என்று சித்தப்பா ஒருநாள் இவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது உண்டு. கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்தாம்மா, ஆளை மடக்கப்பிடாது, பலகையில வச்சு அலுங்காம எடுக்கணும். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே "ஐயோ சாப்பிடும்போது என்ன பேச்சு" என்றாள். செல்விக்கு அப்போது பதினைந்து வயது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆட்டோவில் அது அவளுக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா. வந்தது என்றால் எந்த இடத்தில். கதவைப் பார்த்தபோதா, முழங்காலைத் தூக்கியபோதா. சில நாள் இரண்டும் ஒரே கணம் மாதிரி இருக்கும். ஞாபகம் வந்தும் தள்ளினாள் என்று தோன்றும் நாட்களில் அவள் சாப்பிடுவதில்லை. சித்தப்பா சொன்னது என்பதற்காகவே, அவர் சொன்ன எதையும் கேட்கக்கூடாது என்பதற்காகவே தள்ளியிருப்பாளோ. அவர் அடித்தார், உடைத்தார், அதில் சந்தேகமே இல்லை, அந்தச் சத்தம் சாகும்வரை அவள் காதில் இருக்கும். அவர் ஜெயிலுக்குப் போகட்டும், களி தின்னட்டும், அங்கே யாராவது அவர் முதுகில் ஏறி மிதிக்கட்டும். ஆனால் கதவைப் பார்த்த தெருக்காரர்கள் வாய் திறக்காதபோது, அரிவாள் எடுக்கப் போனார் என்று அவள் வாயால் சொன்னால், கால் அசையவே இல்லை என்று சொன்னால், அவருடைய அடியோடு அவளுடைய முழங்காலையும் சேர்த்து அவர் சுமப்பார். பத்து வருஷம் சுமப்பார். அவள் இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பிணங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நடந்ததைச் சொல்லாவிட்டால். சொன்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊனம் ஆக்கியவனை அந்த மனிதர் படுத்துக்கொண்டு ஒன்றேமுக்கால் வருஷமாகச் சுவரைப் பார்த்துச் சபிக்கிறாரே, அந்தச் சாபம் எழுந்து திரும்பி அவள் மேல் வந்து உட்காரும். ஒன்பது. பத்து. பதினொன்று.

"ஏய் ஏய் ஏய்," என்று ரெஜின் அவள் கையைப் பிடித்தான். உளி பாதிக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தது. செங்குத்தாக. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெஜின் மெல்ல அதை ஆட்டி வெளியே எடுத்தான். பட்டையைத் தூக்கினார்கள், எலும்பும் மஞ்சள் தசைநாருமாக ஒரு சங்கிலி மாதிரி அது வந்தது. உள்ளே கொழுப்பு, அதன் கீழே சாம்பல் நிறத்தில் டியூரா என்ற உறை. அதில் ஒரு வாய் திறந்திருந்தது. ஃபஹீமா கத்தரியால் உறையை நீளமாக வெட்டி விரித்தாள். தண்டுவடம் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இவ்வளவுதானா. ஒரு மனிதனை நிற்க வைப்பது, நடக்க வைப்பது, தொடை தெரிகிறதே என்று சாரத்தைத் தள்ள வைப்பது. அது குறுகிக் கூம்பி முடிகிற இடத்தில், அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவாலின் மயிர் மாதிரி பிரிந்து இறங்குகிற இடத்துக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட துண்டாக, நைந்து கிடந்தது. மேடம் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். "இந்த ஒரு பாடி தான் இந்த வருஷம் உங்களுக்கு. தெரியும்ல. யார் அடிச்சது?"

செல்வி வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்று சொல்ல ஒரு நாக்கு, ஒரு மூச்சு. மூச்சு இருந்தது. "நான்தான் மேடம்," என்றான் ரெஜின், "கை வழுக்கிட்டு." மேடம் அவனைப் பார்த்தார், அவள் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். "அடுத்த வாரம் முழுக்க நீ உளியைத் தொடக்கூடாது. மூணாம் டேபிள்ல போய் தண்டுவடத்தைப் பாத்து வரைஞ்சுக்கங்க." அவ்வளவுதான். மேடம் போனதும் ரெஜின் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல மக்கா, விடு. எனக்கு வழக்கந்தான்" என்றான். அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. செய்யாதவன் எவ்வளவு சுலபமாகத் தோளைக் கொடுத்துவிடுகிறான். கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்கிறவள் எவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்கிறாள். நான்கு விநாடிகூட ஆகவில்லை. வியாழக்கிழமையும் இவ்வளவு நேரம்தான் ஆகும். அதன் பிறகு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாது. அது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. சுத்தியலைக் கழுவி வைத்தாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்றாம் மேஜைக்குப் போகாமல் வராண்டாவுக்கு வந்து, வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்று அப்பாவின் நம்பரை அழுத்தினாள்.

"என்னட்டி இந்நேரத்துல. கிளாஸ் இல்லியா?"

"இருக்குப்பா. நடுவுல வந்தேன்."

"சாப்ட்டியா?"

"இனிமேத்தான். அப்பா, வியாழக்கிழமை."

"வக்கீல் சொன்னதை நெஞ்சுல வச்சிக்க. ரெண்டே ரெண்டு விஷயம். கேக்குதவன் எப்படிக் கேட்டாலும் மிரளாத."

"நீங்க கீழ கிடக்கும்போது காலை மடக்குனீங்க. சாரத்தைத் தள்ளி விட்டீங்க. நான் பாத்தேன்."

டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நின்றது. அப்பா அணைத்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாதா," என்றார். "என் காலுதானட்டி."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஆட்டோவுல நெட்டித் தள்ளுனியே, அந்நேரம் போச்சு. கரண்ட் சுவிச்சை அமத்துனாப்ல. உங்கம்மைக்குத் தெரியாது, சுடலைக்கும் தெரியாது. உனக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். டாக்டருக்குப் படிக்கப் போனபோதுதான் எனக்குக் கிலி பிடிச்சிட்டு, படிச்சா தெரிஞ்சிருமேன்னு."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லி? அவன் அடிச்சான்லா. அடிச்சவன் மொத்தத்தையும் சொமக்கட்டும். நீ எதுக்கு நடுவுல. கோர்ட்டுல போயி உளறி வைக்காத."

அறைந்த கை இதே மனிதருடையது. புரட்டும்போது அறைந்தது எதற்கு என்று இப்போது அவளுக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அவள் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "சித்தப்பா அருவா எடுக்கப் போகலப்பா. அடுப்படிக் கதவை ஒடச்சு எடுத்துட்டு வந்தாரு. உங்களை அதுல கிடத்தித் தூக்கணும்னு. மடக்காதீங்கன்னு கத்திக்கிட்டே ஆட்டோ பின்னாடி ஓடி வந்தாரு. நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

ஏதோ பித்தளைச் சாமான் சுவரில் மோதி, தரையில் விழுந்து, வெகுநேரம் சுற்றி அடங்குகிற சத்தம் கேட்டது. அம்மா தூரத்தில் "என்னங்க, என்னாச்சுங்க" என்றாள். "போடி அங்கிட்டு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அப்புறம் தம்பியை அவர் ஒரு கெட்ட வார்த்தையால் வைதார், அந்த வார்த்தையை அவர் வாயில் அவள் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை அதே வார்த்தை, மெதுவாக. பிறகு மூச்சு மட்டும். அவர் அழுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் சொல்லத்தான்ப்பா போறேன்," என்றாள். "ரெண்டையும். தள்ளுனதையும்."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்குப்பா."

"நானும் வாரேன். நீ சொல்லும்போது அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"உங்களால முடியாதுப்பா, அவ்வளவு தூரம்."

"நாலு பேருக்குச் சொல்லி வையி," என்றார் அப்பா. "மடக்காமத் தூக்கத் தெரிஞ்சவனுவளா."